புல்வெளியில் ஒரு கல்லூரி ஊர்: கிரின்னெல்லின் கதை

அயோவா என்னும் பெயர் தமிழிலக்கிய அன்பர்களுக்குப் புதியதன்று. அசோகமித்திரன் 1973-74இல் அயோவா நகரத்துப் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தில் பங்குகொண்டு சில மாதங்கள் அங்கே தங்கினார். அவ்வனுபவமே பின்னாளில் ‘ஒற்றன்’ என்னும் நாவலாயிற்று. அந்நகரிலிருந்து மேற்கே 65 மைல் அளவில் சென்றால், மாநிலத் தலைநகரான டெ மொயினை அடைவதற்கு முன், கிரின்னெல் என்னும் சிற்றூர் வரும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டவில்லை. அங்குள்ள கல்லூரியில் பயில்வோர் ஏறத்தாழ 1,700 பேர். நம் ஊர்ப்பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றின் அளவுதான்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இம்மலரில் இவ்வூரைப் பற்றி எழுத வேண்டிய காரணம் உண்டு. ஒரு கொள்கையை முன்வைத்துக் கூடிய சிலர் எத்தனை காலம் அக்கொள்கையோடு சேர்ந்து வாழ இயலும் என்பது எந்த வட்டத்திற்கும் உரிய கேள்வி. கிரின்னெல் மக்கள் அக்கேள்வியோடு 170 ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருகின்றனர். கணக்கு எப்போதும் சரியாக வந்ததில்லை.

நிலமும் நிலத்துக்குரியோரும்

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். நம் ஐந்திணைப் பகுப்பில் இந்நிலத்தை எங்கே வைப்பது என்று எண்ணிப் பார்த்தால் தடுமாற்றமே மிஞ்சும். மலையில்லை, கடலில்லை. காடு என்று சொல்ல மரங்களும் இல்லை. ஆற்றோரங்களில் மட்டும் ஓக்கு மரங்கள் நிற்க, மற்ற இடமெங்கும் ஆள் மறையும் உயரத்திற்குப் புல் வளர்ந்த வெளி அது. புல்லின் வேர் பத்தடிக்குக் கீழும் இறங்கும். மேலே தெரிவதைவிட மண்ணுக்குள் இருப்பதே மிகுதி. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவ்வேர்கள் மட்கி மட்கி உருவானதுதான் அயோவாவின் கரிய மண். 1837இல் இலினாய் மாநிலத்துக் கொல்லர் ஜான் டியர் எஃகுக் கொழு பொருத்திய கலப்பையைச் செய்தார். மரக் கலப்பைக்கும் வார்ப்பிரும்புக்கும் வசப்படாத பிசின் போன்ற அம்மண் அதற்கு வசப்பட்டது. முல்லையாக இருந்த நிலம் இரண்டு தலைமுறைக்குள் மருதமாயிற்று. இன்று அயோவாவின் பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

இவ்வூர் அமைந்த மாவட்டத்திற்குப் பொவேஷீக் என்று பெயர். அது மெஸ்க்வாக்கி மக்களின் தலைவர் ஒருவரின் பெயர். 1842இல் சாக்கு, மெஸ்க்வாக்கி மக்கள் ஓர் உடன்படிக்கையின் வழியாக நடு அயோவாவை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. கையெழுத்திட்டவர்களுள் பொவேஷீக்கும் ஒருவர். 1845க்குள் அவர்கள் யாவரும் கன்சாஸ் பக்கம் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. மக்களை வெளியேற்றிவிட்டு, அவர்தம் தலைவன் பெயரை அம்மண்ணுக்குச் சூட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்கா முழுவதும் உண்டு. வெளியேறியோர் எல்லோரும் அடங்கிப் போய்விடவில்லை. சிலர் மறைந்து தங்கினர், சிலர் திரும்பி வந்தனர். 1857இல், குதிரைகளை விற்றும் கைப்பொருளைத் திரட்டியும், கிரின்னெல்லுக்கு வடக்கே டாமா மாவட்டத்தில் அயோவா ஆற்றங்கரையில் 80 ஏக்கர் நிலத்தை விலை கொடுத்து வாங்கினர். தமக்கு உரியதாய் இருந்ததையே காசு கொடுத்து மீட்ட செயல் அது. அந்த 80 ஏக்கர் இன்று 8,000 ஏக்கருக்கு மேல் விரிந்திருக்கிறது. அவர்கள் மொழியும் சடங்கும் அங்கே வாழ்கின்றன. கிரின்னெல்லின் மனைகள் விற்பனையான அதே ஆண்டுகளில்தான் இந்த 80 ஏக்கரும் கைமாறியது. ஊர் வரலாறு எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதுவது அரிது.

பத்திரத்தில் எழுதிய அறம்

ஊரை நிறுவிய ஜோசையா புஷ்னெல் கிரின்னெல் ஒரு கிறித்தவப் போதகர். வெர்மாண்டில் பிறந்தவர். தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையைக் கண்டித்துப் பேசியதால் அங்கே பணியில் நிலைக்க முடியாமல் போனவர். பிறகு நியூயார்க்கில் குரல் கெட்டுப் பிரசங்கம் செய்ய இயலாத நிலையில் பத்திரிகையாசிரியர் ஹொரஸ் கிரீலியிடம் யோசனை கேட்டார் என்றும், “மேற்கே போ” என்று கிரீலி சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அமெரிக்கரின் பழமொழியாகவே ஆகிவிட்ட அச்சொல் யாருடையது என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. கிரின்னெல் தம் நினைவு நூலில் அது தமக்கே சொல்லப்பட்டது என்று எழுதிவைத்தார். பெரிய மனிதர்கள் நினைவு நூல் எழுதும்போது இத்தகைய உரிமைகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன.

1854இல் ஹோமர் ஹாம்லின், தாமஸ் ஹோலியோக், ஹென்றி ஹாமில்டன் ஆகிய மூவருடன் அவர் இவ்விடத்தைத் தேர்ந்தார். இருப்புப் பாதை அளவையாளர்கள் குறித்த தடம் இவ்வழியே செல்லும் என்று தெரிந்ததே முதற் காரணம். அறமும் வணிகமும் ஒரே வண்டியில் வந்தன என்பதில் மறைக்க ஏதுமில்லை. ஆனால் மனைகளின் கிரயப் பத்திரங்களில் ஒரு நிபந்தனை எழுதப்பட்டது: இம்மனையில் மது விற்கலாகாது, விற்றால் மனை உரிமை பறிபோகும். மனை விற்ற வருவாயில் ஒரு பகுதி கல்விக்கென ஒதுக்கப்பட்டது. கள்ளுக்கடை கூடாது, பள்ளிக்கூடம் வேண்டும் என்ற இரண்டு ஆசைகளையும் மேடையில் பேசுவதோடு விடாமல் சொத்துப் பத்திரத்திலேயே ஏற்றிவிட்ட ஊர் இது.

கல்லூரி வந்த கதை தனி. 1843இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவர் இறையியற் பள்ளியிலிருந்து பதினொரு இளம் போதகர்கள் அயோவாவுக்கு வந்தனர். ஒவ்வொருவரும் ஒரு திருச்சபையையும், எல்லோரும் சேர்ந்து ஒரு கல்லூரியையும் நிறுவுவது என்பது அவர்கள் நோக்கம். அவர்களுள் ஒருவர் ஒரு வெள்ளி டாலரை மேசைமேல் வைத்துக் கல்லூரிக்கு முதல் நன்கொடை தந்தார் என்பர். 1846இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டேவன்போர்ட்டில் அயோவாக் கல்லூரி உருவாயிற்று. 1854இல் இருவருக்குப் பட்டம் வழங்கியது. ஆனால் டேவன்போர்ட் நகரம் கல்லூரி வளாகத்தின் ஊடே தெரு போட்டது. மது விலக்கும் அடிமை ஒழிப்பும் பேசிய ஆசிரியர்களை அந்நகரத்தாருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1858-59இல் கல்லூரி, கையில் இருந்த சிறு நிதியோடும் நூல்களோடும் கிரின்னெல்லுக்கு இடம்பெயர்ந்தது. ஊரில் மாணவர் இல்லை, மாணவரிடம் ஊர் இல்லை என்ற நிலையில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன எனலாம். 1909இல்தான் கல்லூரிக்கு ஊரின் பெயரே அதிகாரபூர்வமாக வைக்கப்பட்டது.

1859 பிப்ரவரியில் ஜான் பிரவுன் இவ்வூருக்கு வந்தார். மிசௌரியில் இருந்து விடுவித்த கறுப்பின ஆண் பெண் குழந்தைகளுடன் பனியில் அயோவாவைக் கடந்து கனடாவை நோக்கிச் சென்ற பயணம் அது. கிரின்னெல் தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். ஊரார் தேவாலயத்தில் கூடிப் பிரவுன் பேச்சைக் கேட்டனர், உணவும் பணமும் அளித்தனர். அந்த ஆண்டு அக்டோபரில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கிய பிரவுன் டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வீட்டில் இடம் தந்ததற்காகக் கிரின்னெல் பல ஆண்டுகள் ஏச்சு வாங்கினார். இத்தனையும் ஊர்ப் பெருமையாக இன்று சொல்லப்படுகிறது.

அடுத்த ஆண்டே நிகழ்ந்த இன்னொன்று அத்துணை உரக்கச் சொல்லப்படுவதில்லை. 1860இல் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த சில கறுப்பின இளைஞர்கள் ஊர்ப் பள்ளியில் சேர்ந்தபோது, ஊரில் ஒரு பிரிவினர் திரண்டுவந்து தடுக்க முனைந்தனர். ஆசிரியர் லெனார்டு பார்க்கர் அவர்களை எதிர்த்து நின்றார். வழிப்போக்கராக வருவோர்க்குச் சோறிடுவது வேறு, தம் பிள்ளைகளின் பக்கத்தில் பலகையில் உட்காரவைப்பது வேறு என்று நினைத்தவர்கள் அந்தப் பத்திரத்து அறத்தின் நிழலிலும் இருந்தார்கள். நம் சிற்றூர்ப் பள்ளிகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிரின்னெல் பின்னர் 1863 முதல் 1867 வரை நாடாளுமன்றப் பேரவையில் இருந்தார். விவாதத்தில் சொன்ன சொல்லுக்காகக் கென்டக்கி உறுப்பினர் ரூசோ, 1866இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் வாயிலிலேயே அவரைப் பிரம்பால் அடித்தார். போதகர் திருப்பி அடிக்கவில்லை. அடி வாங்கியதைவிட, திருப்பி அடிக்காததே அவர் அரசியல் வாழ்வுக்குப் பாதகமாயிற்று என்பர்.

1882, ஜூன் 17

அன்று மாலை சுழற்காற்று ஒன்று ஊரின் வடபகுதியைத் துடைத்துச் சென்றது. சில நிமிடங்களே. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின, வீடுகள் பலவும் தரைமட்டமாயின, கல்லூரிக் கட்டடங்கள் சிதைந்தன. பட்டமளிப்பு விழாவுக்கு ஊரே ஆயத்தமாகிக்கொண்டிருந்த வாரம் அது. முதிர்ந்த வயதில் இருந்த கிரின்னெல் கிழக்கு நகரங்களுக்குப் போய் நிதி திரட்டினார். சில ஆண்டுகளுக்குள் புதிய கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் 1885இல் கட்டப்பட்ட குட்நோ மண்டபம் சிவந்த கல்லில் இன்னும் நிற்கிறது. கல்லூரியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எண்ண ஒரு முறை இடம்பெயர்ந்த நிறுவனத்திற்குக் காரணம் இருந்தது. போகவில்லை. இவ்வூர் வரலாற்றில் உண்மையான நிறுவுதல் 1854இல் நிகழ்ந்ததா, 1882இல் நிகழ்ந்ததா என்று கேட்டால், நான் இரண்டாவதையே சொல்வேன்.

அடுத்த இருபதாண்டுகளில் ஊரின் பழைய அறம் புதிய கேள்வியைச் சந்தித்தது. தலைவர் ஜார்ஜ் கேட்ஸ், ஜார்ஜ் ஹெரான் என்பாரை 1893இல் பேராசிரியராக அழைத்துவந்தார். எலிசபெத் ராண்ட் என்னும் செல்வப் பெருமாட்டியின் கொடையில் அதற்கெனவே ஓர் இருக்கை அமைந்தது. ஏசுவின் போதனையைத் தனியுடைமைக்கும் தொழிற்சாலைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று ஹெரான் முழங்கியதைக் கேட்க நாடெங்கும் கூட்டம் கூடியது. மது கூடாது என்பதை ஏற்ற அறங்காவலர்களுக்கு முதலாளி கூடாது என்பதை ஏற்பது எளிதாக இல்லை. 1899இல் ஹெரான் விலகினார், அடுத்த ஆண்டு கேட்ஸும் சென்றார். ஹெரான் மனைவியைப் பிரிந்து அந்தக் கொடையாளியின் மகளை மணந்ததை ஊர் மன்னிக்கவே இல்லை. கொள்கைக்காக அவரை வெறுத்தவர்களுக்கு அது வசதியான காரணமாகவும் அமைந்தது.

எனினும் விதை வீண்போகவில்லை. சேணம் விற்றவரின் மகனாக இவ்வூரில் வளர்ந்து 1912இல் கல்லூரியை முடித்த ஹாரி ஹாப்கின்ஸ், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் வேலைவாய்ப்புத் திட்டங்களை நடத்திப் பல இலட்சம் பேருக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அதே ஊரில் வளர்ந்து 1911இல் பட்டம் பெற்ற ஹாலி ஃபிளானகனை 1935இல் அரசு நாடகத் திட்டத்தின் தலைவராக்கினார். வேலையிழந்த நடிகர்களைக் கொண்டு நாடெங்கும் நாடகம் போட்ட திட்டம் அது. 1938இல் நாடாளுமன்றக் குழு முன் ஃபிளானகன் சாட்சி சொன்னபோது, அவர் கட்டுரையில் கண்ட கிறிஸ்டோபர் மார்லோ ஒரு பொதுவுடைமைக் கட்சிக்காரரா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஷேக்ஸ்பியரின் காலத்து நாடகாசிரியர் என்று பதில் கூற வேண்டியதாயிற்று. மறு ஆண்டே நாடாளுமன்றம் திட்டத்திற்குப் பணத்தை நிறுத்தியது. கவிஞர்கள் அரசை நாடும்போது இச்செய்தியை நினைவில் கொள்வது நலம்.

கடைத்தெருவில் ஒரு நகைப்பெட்டி

ஊர் என்பது கல்லூரி மட்டுமன்று. குதிரை வண்டி செய்த ஸ்பால்டிங் தொழிற்சாலை சில காலம் மோட்டார் வண்டியும் செய்து பார்த்தது. கையுறை தைத்தார்கள். கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் செல்லும் இரண்டு இருப்புப் பாதைகள் ஊர் நடுவிலேயே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ராக் ஐலண்ட் இருப்புப் பாதை நிறுவனம் 1980இல் ஓய்ந்தபின்னும் அத்தடத்தில் சரக்கு வண்டிகள் வேறு பெயரில் ஓடுகின்றன.

ஆனால் கட்டடக் கலை நாடி வருவோர் இவ்வூரில் பார்க்க வருவது ஒரு வங்கியை. சிகாகோவில் வானளாவிய கட்டடங்களுக்கு இலக்கணம் வகுத்த லூயிஸ் சலிவன், வேலை கிடைக்காமல் நொடித்துப்போன முதுமையில், மத்திய மேற்கின் சிற்றூர்களுக்குச் சில சிறிய வங்கிகளைக் கட்டித் தந்தார். கிரின்னெல் வணிகர் தேசிய வங்கி அவற்றுள் ஒன்று. 1914இல் கட்டியது. எதிரிலிருந்த மருந்துக்கடையில் மஞ்சள் தாள் வாங்கி அதில் வரைந்துகாட்டினார் என்பர். கட்டடம் ஒரு செங்கற்பெட்டி, அவ்வளவே. ஆனால் வாயிலுக்கு மேலே, சுடுமண் அணிவேலை சூழ, ஒரு பெரிய வட்டச் சாளரம் மலர்ந்திருக்கிறது. சுவர் முழுவதும் அமைதியாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் எல்லா அலங்காரமும் வந்து குவிந்திருக்கிறது. அணியை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் இருப்பது என்பதை யாப்பிலக்கணம் கற்பிக்காத இடத்தில் இச்சுவர் கற்பிக்கும். சலிவன் 1924இல் வறுமையில் இறந்தார். வங்கி வேறிடம் சென்றபின் ஊர் அக்கட்டடத்தை இடிக்காமல் காத்தது.

போனவர்கள்

சிற்றூர்களின் புகழ் பெரும்பாலும் அவற்றை விட்டுப் போனவர்களால் வருவது. இவ்வூரின் மிகப் பெரிய பெயர் ராபர்ட் நாய்ஸ். போதகரின் மகன். 1940இல் குடும்பம் இங்கே வந்தபோது வயது பன்னிரண்டு. கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர் கிராண்ட் கேல், பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவான செய்தியறிந்து, அங்கிருந்த பழைய தொடர்புகளைக் கொண்டு அதன் மாதிரிகளையும் குறிப்புகளையும் 1948இலேயே வரவழைத்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதைக் கண்ணால் காணாத காலத்தில், சோளக் கொல்லைகளுக்கு நடுவே சில மாணவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தனர். நாய்ஸ் 1959இல் சிலிக்கான் ஒருங்கிணைந்த சுற்றுக்கு வழி கண்டார், 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லூரி நாள்களில் விடுதி விருந்துக்காக ஒரு பன்றியைத் திருடியதற்காக ஓர் அரையாண்டு வெளியேற்றப்பட்டவரும் இவரே. அயோவாவில் பன்றித் திருட்டு விளையாட்டல்ல, சட்டப்படி பெருங்குற்றம். கேலும் கல்லூரித் தலைவரும் பரிந்து பேசிச் சிறையைத் தவிர்த்தனர். இன்டெல்லின் தொடக்கத்தில் கல்லூரி சார்பாக இட்ட 3 இலட்சம் டாலர் பன்மடங்காகப் பெருகியது. ஒரு வெள்ளி டாலரில் தொடங்கிய கல்லூரியின் நிதி இன்று 200 கோடி டாலருக்கு மேல். அத்தனை செல்வம் ஒரு வேளாண் சிற்றூரின் ஒரு மூலையில் மட்டும் குவிந்திருப்பது தெருவின் இருபுறத்தாருக்கும் எளிதான அண்டைமை அன்று.

நம் வாசகர்களுக்கு இருவரைச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் நார்மன் ஹால், பக்கத்து ஊரான கோல்ஃபாக்ஸில் பிறந்து 1910இல் இங்கே பட்டம் பெற்றவர். முதல் உலகப் போரில் விமானியாகி, பின்னர் தாஹித்தித் தீவில் குடியேறி, நண்பர் நார்டாஃபுடன் ‘பௌண்டி கப்பல் கலகம்’ நாவலை 1932இல் எழுதினார். அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிட உவப்பானது. 1940இல் ஃபெர்ன் கிராவல் என்ற அயோவாச் சிறுமி நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய பாக்கள் என்று சொல்லி ஒரு சிறு நூல் வெளிவந்தது. திறனாய்வாளர்கள் அச்சிறுமியின் வெள்ளையுள்ளத்தைப் போற்றினர். 1946இல் ஹால் உண்மையைச் சொன்னார்: எழுதியது தாமே. புல்வெளிச் சிற்றூரை நடுவயதுக்காரன் நேராகப் பாடினால் கூச்சம் வரும், ஒரு சிறுமியின் குரல் கிடைத்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். நம் மரபில் தலைவிக்கும் தோழிக்கும் குரல் கொடுத்த ஆண் புலவர்கள் அறிந்த வழிதான் அது.

மற்றவர் ஏமி கிளாம்பிட். 1920இல் அயோவாவின் நியூ பிராவிடன்ஸ் ஊரில் வேளாண் குடும்பத்தில் பிறந்து, 1941இல் கிரின்னெல்லில் பட்டம் பெற்று, நியூயார்க் சென்றார். பதிப்பகத்தில் வேலை, பிறகு பறவையியல் சங்கத்தில் நூலகர் பணி. நாவல்கள் எழுதிப் பார்த்தும் யாரும் வெளியிடவில்லை. ‘மீன்கொத்தி’ என்னும் அவரது முதற் பெருந்தொகுப்பு 1983இல் வந்தபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. பதினோராண்டுகளில், 1994இல் மறைந்தார். அந்தப் பதினோராண்டுகளில் அவர் எழுதியதை வைத்துத்தான் அவரைப் பெரிய கவிஞர் என்கிறார்கள். தாமதமாகிவிட்டது என்று நம் கூட்டங்களில் அலுத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கைப் பரிந்துரைக்கிறேன்.

இருந்தவர்கள்

போகாதவர்களின் பெயர் நூல்களில் குறைவு. அவர்களே 1901இல் வந்த ஸ்டூவர்ட் நூலகத்தை நடத்தினார்கள், பின்னர் புதிய நூலகம் 2009இல் திறந்தபோது பழைய கட்டடத்தைக் கலை மன்றத்துக்குத் தந்தார்கள். ஹென்றி கோனர்டு என்ற தாவரவியல் ஆசிரியரின் பெயரால் 1968இல் கல்லூரி ஊருக்கு வெளியே 365 ஏக்கரை வாங்கிற்று. உழுத நிலத்தில் பழைய புல்லை மீண்டும் விதைத்து, குறித்த காலத்தில் தீ வைத்து வளர்க்கிறார்கள். உழுது தொலைத்ததை மீட்பது உழுததைவிடக் கடினம். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவைக் கடந்த பெருங்காற்று இங்கேயும் மரங்களைச் சாய்த்துப் பல நாள்கள் ஊரை இருளில் வைத்தபோது, 1882ஐப் படித்தறிந்த தலைமுறை வாளால் கிளைகளை அறுத்துத் தெருவோரம் அடுக்கியது.

1967 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் இக்கல்லூரியில் உரையாற்றினார். பெருந்திரளாக வந்து கேட்டனர். அதற்கு முப்பதாண்டு முன்பே, 1937இல், இங்கே பட்டம் பெற்ற முதற் கறுப்பினப் பெண் ஈடித் ரென்ஃப்ரோ. வெளியூரிலிருந்து வந்தவர் அல்லர், 1914இல் இவ்வூரிலேயே பிறந்தவர். பாட்டனும் பாட்டியும் அடிமைத்தளையில் பிறந்தவர்கள். உடன்பிறந்தார் அனைவரும் உயர்கல்வி பெற்ற குடும்பம். பின்னர் சிகாகோவில் அவர் வாழ்ந்தபோது அண்டையில் வளர்ந்த சிறுவன் ஹெர்பி ஹான்காக் இக்கல்லூரிக்கு வந்ததற்கு அவர் சொல்லும் ஒரு காரணம் என்பர். 1960இல் இங்குப் பட்டம் பெற்ற ஹான்காக், ஜாஸ் இசையில் உலகப் புகழ் பெற்றார்.

2024இல் கல்லூரி தன் வளாகத்தை விட்டு வெளியே வந்து, ஊர் நடுவில், கடைத்தெருவை ஒட்டி ஒரு மாணவர் இல்லத்தைத் திறந்தது. அதற்கு ரென்ஃப்ரோ இல்லம் என்று பெயர். அவருடைய தந்தை அதே ஊரில் ஒரு தங்கும் விடுதியின் சமையற்காரராக இருந்தவர்.